நூறு நாள் ஓடிய படமும் என் அண்ணனும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு தொழில் செய்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். அண்ணனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். பிறகு அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மத்தவங்க எல்லாரும் அந்தப் படத்தப் பத்தியேதான் எழுதிக் குடுத்திருக்கறாங்க. நீங்களாவது உங்க அண்ணனைப் பத்தி எழுதுங்க அம்மணி" என்றார். அந்தப் படத்தைத் தவிர்த்து அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எழுதியதுபோல எழுதவும் மனம் வரவில்லை.

அண்ணன் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் மில் வேலை கிடைத்ததும் குடும்பம் மில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டும் திறமை அண்ணனுக்குச் சிறுவயதிலேயே இருந்தது. மில் மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திட்டத் தொடங்குவதை அவர் செய்து காட்டினால், அந்த மேஸ்திரியே நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

ஒருவரை மட்டும் அவர் நடித்துக் காட்டியதில்லை. அது நான். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே திக்கல் உண்டு. லைன் வீட்டுப் பிள்ளைகள் பழித்தால் அண்ணன் கல்லை எடுத்துக்கொண்டு விரட்டுவார். நான் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அவரே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்து முடித்து வைப்பார். அந்த வயதில் அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அண்ணன் பீளமேட்டில் கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் அப்பா காலமானார். லைன் வீட்டைக் காலி செய்தோம். மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் அண்ணன் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். நான் தட்டச்சு முடித்து பீளமேட்டில் ஒரு மில் அலுவலகத்தில் சேர்ந்த மாதம்தான் அவர் சென்னைக்கு ரயில் ஏறினார். அங்கே ஒன்பது ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தார். எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்பது அவருடைய நண்பர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு இருபத்து நான்கு வயதில் பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்காகவே அண்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் பெயரைக் கேட்டார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். சொல் வராதபோது வலது கட்டைவிரலைச் சேலைக் கரையில் அழுத்திக்கொள்வது என் பழக்கம். வெளியில் தெரியாதபடி மடிப்புக்குள் வைத்து அழுத்துவேன். அன்று அழுத்தியும் வரவில்லை. அந்த அம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அண்ணன்தான் என் பெயரைச் சொன்னார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அம்மா அழுதபோது, "போனாப் போறாங்க உடுங்கம்மா. என்ற தங்கச்சிக்கு என்ன கொறச்சல்" என்றார் அண்ணன். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய முதல் படம் வந்தது. கல்யாண வீட்டில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட, முறைத்துக்கொண்டிருந்த இரு வீட்டாரும் சேர்ந்து சமைக்கும் கதை. கோவையில் ஐந்து வாரம் ஓடியது. மற்ற ஊர்களில் இரண்டாவது வாரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த படத்தில், புதிதாக வாங்கிய ஃபிரிஜ் வாசலுக்குள் நுழையாமல் தெருவிலேயே நிற்கும். தெரு முழுக்க அதில் இட்லி மாவு வைத்து எடுக்கும். அண்ணன் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். யாரையும் கேவலப்படுத்தாமல் இரண்டரை மணி நேரம் சிரிக்க வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மறு வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது.

இரண்டு படங்களையும் கோவை வட்டாரத்தில் வெளியிட்டவர் ஒரு விநியோகஸ்தர். இந்த மலர் அவர் கைக்கும் போகும் என்பதால் பெயர் வேண்டாம். இரண்டாவது படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "படம் நல்ல படம்தானுங்க. ஆனா பாத்தவன் வெளிய போயி நாலு பேருகிட்டச் சொல்லிச் சிரிக்கோணுமல்லங்க? இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது?" என்று ஊருக்கு வந்திருந்த அண்ணனிடம் கேட்டார். அடுத்த படத்தைத் தானே தயாரிப்பதாகவும், நாற்காலி உடைகிற மாதிரி ஒரு காமெடி வேண்டும் என்றும் சொன்னார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது படத்தைக் கோபி வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் எடுத்தார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அண்ணன் இலையில் உட்காருவார் என்று படப்பிடிப்புக்குப் போன சொந்தக்காரர்கள் வந்து சொன்னார்கள். கதையைக் கேட்டால் மட்டும் தியேட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்.

படம் வெளியான மறுநாள், சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு, குடும்பமாகப் பதினொரு பேர் சிங்காநல்லூரில் ஒரு தியேட்டருக்குப் போனோம். அண்ணன் சென்னையில் இருந்தார். இடைவேளைக்குச் சற்று முன் அந்தக் காட்சி வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணிடம் பெயர் கேட்கிறார்கள். அவள் முதல் எழுத்தில் நிற்கிறாள். மாப்பிள்ளையின் மாமன் தட்டிலிருந்த முறுக்கு முழுவதையும் தின்று முடிக்கிறார், கை கழுவுகிறார், வெளியே போய்ச் செருப்பு மாட்டுகிறார், திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறார். அவள் இன்னும் அதே எழுத்தில் நிற்கிறாள். அப்போது அவள் கையை மட்டும் திரை முழுக்கக் காட்டினார்கள். வலது கட்டைவிரல் சேலைக் கரையை அழுத்திக்கொண்டிருந்தது.

தியேட்டர் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் மூச்சு முட்டி இருமினார். எங்கள் தாய்மாமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அப்படியே நம்ம புள்ளையாட்டமே இருக்குது" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் அந்தக் காட்சியைத் தங்களுக்குள் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

படம் நூறு நாள் ஓடியது. அண்ணனின் முதல் இரண்டு படங்களைத் திரும்பிப் பார்க்காத ஊர்களில் எல்லாம் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. படத்தின் காமெடி வசனங்களைக் கேசட்டாகப் போட்டு விற்றார்கள். டீக்கடையிலும் தனியார் பேருந்திலும் அதுதான் ஓடியது. பீளமேடு என்ற சொல் எனக்கு லேசில் வராது. இருந்தாலும் தினமும் எப்படியோ சொல்லித்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். படம் வந்த பிறகு, நான் வாயைத் திறந்ததும் பின்னாலிருந்து யாராவது அந்த நடிகையின் குரலில் முடித்து வைப்பார்கள். படித்த பிள்ளைகள். நாளைக்கு எஞ்சினியர் ஆகப் போகிறவர்கள். பேருந்தே சிரிக்கும். அதனால் சொல்வதற்குச் சுலபமான பெயருள்ள அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, அலுவலகத்துக்குத் திரும்பி நடப்பது என்று ஆக்கிக்கொண்டேன்.

நூறாவது நாள் விழா கோவையில் நடந்தது. விழா முடிந்து, மாலையும் கேடயமுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தார். அம்மா கேடயத்தை வாங்கவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்னவோ சொல்ல வருகிறேன் என்று தெரிந்து வழக்கம்போல அவரே சொல்லை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். நான் சொன்னதை இங்கே திக்காமல் எழுதுகிறேன். திக்கியபடியே எழுதி இன்னும் நாலு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

"அந்தக் கட்டைவிரலையாவது உட்டிருக்கலாமுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் கேடயத்தைத் தரையில் வைத்தார். பிறகு, "ரெண்டு படம் போச்சு அம்மணி. இதுவும் போயிருந்தா என்னை ஒருத்தனும் உள்ள உட்டிருக்க மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் எனக்கு ஆறுதலும் இல்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

இதற்குப் பிறகும் அண்ணன் நாலாவது படத்தை எடுத்தார். அதே விநியோகஸ்தர், அதே நடிகை, அதே திக்கல். இந்த முறை படம் முழுக்க, காட்சிக்குக் காட்சி அவள் பேச்சைக் கேலி செய்திருந்தார்கள். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் கட்டைவிரல் இல்லை. என் பேச்சுக்கு அவர் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

அந்தப் படம் நாலாம் நாள் காலியான கொட்டகையில் ஓடியது. படப்பெட்டி மறுவாரமே திரும்பி வந்தது. பார்த்தவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவே. விநியோகஸ்தர் அண்ணனின் தொலைபேசி அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். ஒன்றரை ஆண்டு அலைந்து பார்த்துவிட்டு, அண்ணனும் அண்ணியும் சிங்காநல்லூருக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை அண்ணன் என்னோடு பீளமேட்டுக்குப் பேருந்தில் வந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கியதைப் பார்த்து ஏன் என்று கேட்டார். சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பின்சீட்டு இளைஞன் ஒருவன் அந்தக் காட்சியைக் கேசட்டோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தான். அண்ணன் எழுந்து நடத்துநரிடம் போய் அதை நிறுத்தச் சொன்னார். "ஏனுங்க, நல்ல காமெடிங்க இது. கேட்டுச் சிரிச்சுப்போட்டு எறங்கிக்கங்க" என்றார் நடத்துநர். அதை எடுத்தவனே நான்தான் என்று அண்ணன் சொன்னார். நடத்துநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கசங்கின சட்டையும் நாலு நாள் தாடியுமாக நின்றவரை யார் நம்புவார்கள்? பேருந்து இன்னொரு முறை சிரித்தது, இந்த முறை அண்ணனைப் பார்த்து. இறங்கி இருவரும் திரும்பி நடந்தோம். அலுவலக வாசல் வரை வந்து என்னை விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காட்சியை நீக்கிவிடும்படி அவர் விநியோகஸ்தருக்கு மூன்று கடிதம் எழுதினார் என்று அண்ணி பிறகு சொன்னார். பதில் நேரில்தான் கிடைத்ததாம். டிவிக்காரர்கள் படத்தை வாங்குவதே அந்தக் காட்சிக்காகத்தான் என்று சொல்லி விநியோகஸ்தர் அண்ணனை அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்த ஆண்டு அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அவர் யார் என்று தெரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வருகிறவர்கள்கூட அந்த வசனத்தைச் சொல்லிக் கைகொடுக்க வருவார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். "ஒன்னு சொல்லோணும் அம்மணி" என்றார். "ரெண்டாம் நாளு தியேட்டரே அதிருதுன்னு மெட்ராசுக்குப் போன் வந்துச்சு. நீயும் உள்ளதான் உக்காந்திருப்பேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இப்ப அத நெனச்சாத்தான் என்ற மேலயே அருவருப்பா இருக்குது."

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அதற்கு என் திக்கல் காரணம் இல்லை. அவர் வாயில் தண்ணீர் விட்டேன், தலையணையைச் சரி செய்தேன். நாலாம் நாள், நாற்பத்தோரு வயதில், அண்ணன் போய்விட்டார். பிழைத்திருந்தால் என்றாவது சொல்லியிருப்பேனோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சவத்தை வாசலில் கிடத்தியிருந்தபோது விநியோகஸ்தர் ஆளுயர மாலையோடு வந்தார். மாலையைச் சாத்திவிட்டுப் பந்தலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி எப்படிப் பிறந்தது என்று கதை சொன்னார். சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினார். நாலைந்து பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அண்ணனின் கால்மாட்டிலிருந்து பத்தடி தூரம் இருக்காது. அம்மா தலையைத் தூக்கி, "யாரு கண்ணு சிரிக்கறது?" என்று என்னிடம் கேட்டார். 

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை அண்ணனிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வைத்தியம் மட்டும் பார்த்த மருத்துவருக்கும், வார்டு செவிலியர்களுக்கும் நன்றி. ரத்தம் கொடுத்த இரண்டு உதவி இயக்குநர்களுக்கு நன்றி. மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது வந்தவர்களுக்கெல்லாம் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு பாய் குடும்பத்தாருக்கு நாங்கள் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கோபியிலிருந்து பேருந்து பிடித்து வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் சுடுகாடு வரை நடந்த, அண்ணன் படத்தில் வேலை பார்த்த லைட்மேனுக்கும் நன்றி. பந்தலில் சிரித்தவர்களுக்கும் நினைவு நாள் அழைப்பு வந்திருக்கும். அது உறவுமுறைக்காக அனுப்பியது.

முதலாண்டு நினைவு நாளன்று மண்டபத்தில் டிவி வைத்து அண்ணனின் காமெடிக் காட்சிகளைப் போட்டுக் காட்டலாம் என்று சிலர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மாவும் அண்ணியும் நானும் பேசி அதை ரத்து செய்துவிட்டோம். காலை பத்து மணிக்கு அண்ணன் படத்துக்கு மாலை போடுவோம். வருகிறவர்கள் எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சாப்பாடு உண்டு. சினிமா கிடையாது.