பிரேக் சாருக்கு வந்த அபராதம்

வேகமாகப் போனதற்காக என் அண்ணனுக்கு அபராதம் வந்திருக்கிறது என்று கேட்டதும் சமையலறையிலிருந்து அண்ணி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே பக்கத்து சீட். அவனிடம் படித்தவர்கள் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை, 'பிரேக் சார்' என்றுதான் சொல்வார்கள். ஐம்பதில் போகலாம் என்று பலகை வைத்த சாலையில் நாற்பத்தெட்டைத் தொட்டாலே, "என்ன அவசரம்? அடுப்புல பால் வெச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவன் பொறுப்பிலிருந்த பயிற்சிக் கார் எழுபத்தொன்றில் போனதாக அவன் பெயருக்குக் கடிதம்.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பதற்கு. அண்ணனின் வலது கால் எந்நேரமும் அந்தப் பெடலுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும். மிதிப்பதும் இல்லை, கீழே வைப்பதும் இல்லை. வண்டி ஓட்டுகிறவனுக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதாவது தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது. ஒரு நாளைக்குப் பதினொரு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு பயம், எல்லாருடைய பயத்துக்கும் சேர்த்து இவன் ஒருவன் கால் தூக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிடும்போதுகூட அந்தக் கால் இறங்காது. பஸ்ஸில் ஏறினால் நிறுத்தம் வரும்போதெல்லாம் தரையை அழுத்துவான். தூக்கத்திலும் பிரேக் போடுவான். உதை தாங்காமல் அண்ணி பாயைத் தரையில் விரித்துக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது.

நானும் என் இரண்டு பிள்ளைகளும் அவர்களோடுதான் இருக்கிறோம். அதனால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கப் போகிற நேரத்துக்குத்தான் வருவான். முன்பு இப்படி இல்லை. "உனக்குப் பேராசை பிடிச்சிடுச்சுண்ணா, ஊர்ல ஒருத்தரையும் நடக்க விட மாட்ட போலிருக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வான்.

கடிதத்திலிருந்த எண்ணைப் போனில் தட்டினால் கேமரா எடுத்த படம் வரும் என்று போட்டிருந்தது. அண்ணன் போனை என்னிடம் நீட்டினான். நான்தான் தட்டினேன். படம் வந்தது. அச்சடித்தாற்போல் தெளிவான படம். ஓட்டுகிற சீட்டில் அவனிடம் கற்றுக்கொள்கிற மருந்துக்கடை அம்மா. ஐம்பத்தாறு வயது, பரீட்சையில் நாலு முறை தோற்றவர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் என் அண்ணன். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "நல்லாத்தான் தூங்கியிருக்கேன்" என்றான். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அபராதம் பெரிய தொகை இல்லை, மறுநாளே கட்டிவிட்டான். வினை கடிதத்தோடு வந்த படிவத்தில் இருந்தது. 'வண்டியை ஓட்டியவர் யார்? பயிற்சி நேரம் என்றால் உடனிருந்தவர் ஏன் தடுக்கவில்லை?' என்று கேட்டு, கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். பயிற்சி நேரத்தில் வாத்தியார் தூங்கினார் என்று தெரிந்தால் கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் போய்விடும். அது போனால் அண்ணனுக்கு வேலை இல்லை. பக்கத்து சீட்டில் உட்காருவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு மருந்துக்கடை அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய சத்து மாத்திரையும் முட்டிவலித் தைலமும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், எல்லாம் என் தப்புதான். பாலத்துல ஏறும்போது உங்க தலை சாஞ்சுது. திரும்பிப் பார்த்தா தூங்கறீங்க. முதல்ல எழுப்பத்தான் நினைச்சேன். அப்புறம், பாவம், ரெண்டு நிமிஷம் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"அது சரிம்மா, எழுபத்தொண்ணுக்கு எப்படிப் போனீங்க?" என்று நான் கேட்டேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கம் இல்லையா? வண்டி தானா வேகம் எடுத்துச்சு. பிரேக் வெச்சா குலுங்கும். நான் பிரேக் வெச்சா எப்படியிருக்கும்னு சாருக்குத் தெரியும், மூக்கு போய்க் கண்ணாடியில இடிக்கும். அவர் முழிச்சிடுவாரேன்னு பிரேக் பக்கமே காலைக் கொண்டுபோகல. நேரா மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆளின் தூக்கம் கலையக் கூடாது என்று இரண்டு பேர் உயிரை இறக்கத்தில் உருட்டிவிட்டவரை என்ன சொல்லித் திட்டுவது? வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் கேட்டான்.

"இறங்கும்போது பின்னாடி கண்ணாடி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"கோட்டை விட்டு விலகலையே?"

"விலகல சார்."

"அப்புறம் என்ன, இந்தத் தடவை பாஸ் பண்ணிடுவீங்க" என்றான். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். தைலத்தை மட்டும் அண்ணன் அன்றைக்கே எடுத்துத் தேய்த்துக்கொண்டான்.

பள்ளி முதலாளிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. போனில் சொன்னார். "பயிற்சி முடிஞ்சு நீதான் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன்னு எழுதிக் குடு. அப்ப இது சாதாரண அபராதம், லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டினவன் போட்டோவை எவன்ப்பா எடுத்துப் பார்க்கப் போறான்?"

நானும் அதையேதான் சொன்னேன். ஊர் உலகத்தில் யாரும் சொல்லாத பொய்யா? அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"பொய் சொன்னா அதை ஞாபகம் வெச்சுக்கணும். எப்ப கேட்டாலும் அதே மாதிரி சொல்லணும். அவ்வளவு தெம்பு எனக்கு இல்லம்மா" என்றான். பிறகு அந்த இரண்டு வரி இடத்தில் 'தூங்கிவிட்டேன்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பத்து நாளில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் எதையாவது உளறி வைப்பான் என்று பயம். போனது நல்லதாயிற்று. வரிசை பெஞ்சில் உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் தூங்கிவிட்டான். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது நான்தான் உலுக்கி எழுப்பினேன்.

அதிகாரி என்னைவிடச் சின்னவள். மேஜையில் அந்தப் படத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். படத்தையும் அண்ணன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்லித் தர்றீங்க?"

"பதினொரு பேருக்கு."

"எட்டுக்கு மேல கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "முதலாளி கட்டாயப்படுத்தறாரா? அப்படின்னா சொல்லுங்க. நடவடிக்கை அவர் மேல போகும், உங்க லைசென்ஸ் தப்பிச்சிடும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சொல்லித் தொலை என்று முழங்கையால் இடித்தேன். அந்த முதலாளி ஒன்றும் உத்தமர் இல்லை, இரண்டு நாள் விசாரணை என்று அலைந்தால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார்.

"இல்லம்மா. அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நானாத்தான் கேட்டு வாங்கினேன்" என்றான் அண்ணன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. பள்ளிக்கூடம் திறந்த வாரத்துலேர்ந்து."

"எதுக்காக?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "வீட்டுல ஆள் கூடிடுச்சு" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன், பள்ளிக்கூடம் திறந்த வாரம், புருஷன் வீடு வேண்டாம் என்று இரண்டு பிள்ளைகளையும் மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் நான். கூடிய ஆள் நானும் என் பிள்ளைகளும்தான். அந்த மூன்று பேர்தான் பதினொன்றில் எட்டு போக மிச்சம். இவனைப் பார்த்தா பேராசை என்றேன்? அந்த அறையிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. எல்லாரும் என் வாயைப் பற்றிச் சொல்வார்கள், அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அந்த அதிகாரி கெட்டவள் இல்லை, ஆனால் படிவத்தில் வேறு கட்டம் இல்லை. ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம், அதற்குப் பிறகு புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும் என்று எழுதினாள். அபராதம் கட்டிய ரசீதை வாங்கி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நன்றி வேறு சொன்னான்.

மாடியிலிருந்து இறங்கினோம். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, வயதானவன் மாதிரி இறங்கினான். பாதி வழியில் எனக்குக் குரல் வந்தது.

"ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்கண்ணிதான் சொல்லக் கூடாதுன்னா."

"ஏனாம்?"

"சொன்னா நீ அன்னிக்கே பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்னா."

அண்ணி சொன்னது சரிதான், கிளம்பித்தான் இருப்பேன். எங்கே போயிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே மிச்சப் படிகளை இறங்கினேன். அந்த வீட்டைத் தவிர வேறு ஒரு வாசலும் நினைவுக்கு வரவில்லை.