கடைசியில் வந்த 'நோ'

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். மன்னித்துப் படியுங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

இந்த வருடம் மாசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் ஹெல்பராக இருக்கும் கம்பெனிக்குப் புது பிரஸ் மிஷின் வந்தது. அதைப் பொருத்த ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க என்னை விட்டார்கள்.

சூப்பர்வைசர் பேசும் நல்ல இங்கிலீஷ் அவருக்குச் சரியாகப் புரியவில்லை. நானோ தெரிந்த நாலு வார்த்தையைத் தமிழ் பேசுகிற வரிசையிலேயே அடுக்குவேன். "ஆயில் டேங்க் இன்சைடு வாட்டர் கம்மிங்" என்றால் அவர் உடனே தலையாட்டுவார். அவர் பேசுவதும் அப்படித்தான். "இன்னாண்ணா, ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலா?" என்று லைனில் வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முதல் நாள் அவர் "ஆயில் மோர் புட்" என்றதுமே ஊற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் "நோ" வந்தது. அன்றிலிருந்து அவர் முழுதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன்.

மிஷின் ஓட்டிப் பார்க்கும் நாள். அவர் இரண்டு கையையும் உள்ளே விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "ஸ்விட்ச்... நவ்... ஆன்..." என்று குரல் வந்தது. போர்டு பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"யோவ், இன்னாயா பண்றே!"

அவர் கத்தி முடிக்கும்போது உள்ளேயிருந்து வந்தது: "நோ."

சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?" என்றார்.

"அவரு கடைசிலதான் சார் சொல்லுவாரு. நம்மளாட்டம்."

டீ நேரத்தில் சூப்பர்வைசர் இதை அந்த இன்ஜினியரிடமே ஒரு தாளில் எழுதிக் கேட்டார்; அவரும் எழுதியே விளக்க, சூப்பர்வைசர் எனக்குச் சொன்னார். ஜப்பான் பாஷையிலும் தமிழ் மாதிரியே செய்கிற வேலையைச் சொல்லும் வார்த்தை கடைசியில்தான் வருமாம். வேண்டாம் என்பதும் அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். இங்கிலீஷில் 'நான் தின்றேன் சோறு' என்று அந்த வார்த்தை நடுவில் வரும். எடுத்தவுடனேயே 'தின்றேன்' என்று தொடங்குகிற பாஷைகளும் உலகத்தில் இருக்கின்றனவாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இன்ஜினியர் தன் பத்து விரலையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படிக்காதவன் என்று எங்கேயும் பின்னால் நின்றே பழகியவன் நான். வாய் திறக்கக் கூச்சம் வரும்போதெல்லாம், அன்றைக்கும் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இப்போதும் என்னை ஒரு அடி முன்னால் தள்ளுகிறது.

22.12.1991, ஞாயிற்றுக்கிழமை