தறிக்குடோனில் ஒரு ரகசியப் பேச்சு

என் வாயிலிருந்து ஒரு கட்சிக்காரரின் விஷயம் வெளியே போனது என்று கோயமுத்தூரில் ஒருவரும் சொல்ல முடியாது. விஷயம் போயிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. என் வாய் வழியாகப் போனதில்லை, அவ்வளவுதான். இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டேன். "சோமனூருக்கே தெரியுமுங்க வக்கீலம்மா, இனி எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன" என்றார். அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர் சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. என் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தபோது போனை அணைத்து, மேசை மேல் குப்புற வைத்து, அதற்கு மேல் கைக்குட்டையையும் போட்டு மூடினார். யாரையோ வெட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாலம் பண்ணிக்கலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

மணப்பெண் அவிநாசியில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சர். அவரும் கணவரை இழந்தவர். இருவருக்கும் பூரண சம்மதம். சட்டத்தில் ஒரு தடையும் கிடையாது. இருந்த ஒரே கவலை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகள்.

"வேண்டாம்னு சொல்லுவாங்களோன்னு பயப்படறீங்களாங்கண்ணா?"

"அதில்லீங்க. அவங்கம்மா போனப்ப, நான் போன் பண்றதுக்குள்ள யாரோ வாட்ஸப் குரூப்புல மாலை போட்ட போட்டோவப் போட்டுப்போட்டாங்க. பெத்தவ போனத அந்தப் புள்ள அதுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா. இதயாச்சும் மொதல்ல நாஞ் சொல்லி அவ கேக்கோணும். அடுத்த மாசம் வாரா. அது வரைக்கும் ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதுங்க."

நான் எளிதில் உருகுகிற ஆள் இல்லை. கோர்ட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும், "என்னைத் தாண்டி ஒண்ணும் போகாதுங்கண்ணா" என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்து முடிக்கவில்லை, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க, சோமனூருல எந்தப் பக்கமுங்க?"

பாகப்பிரிவினை வழக்குக்காகக் காத்திருந்த பெரியவர். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே கூரைக்கடியில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டால் உறவு கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். மூன்றாவது கேள்வியில் இவர் பெரியவரின் மச்சானுக்குப் பங்காளி ஆகிவிட்டார். நாலாவது கேள்வி, "என்ன விசயமா வந்தீங்க?" என் கட்சிக்காரர் "வரப்புத் தகராறுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிப் போனார். இல்லாத வரப்புக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் யார் என்று பெரியவர் மத்தியானம் வரை என்னைக் குடைந்து எடுத்தார்.

சரி, இனி ஆன்லைன்தான் என்று முடிவு செய்தேன். லிங்க் அனுப்பினேன், பாஸ்வேர்டு தனியாக அனுப்பினேன். வீட்டுக் கதவைத் தாழிட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, மந்திராலோசனைக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தேன். திரையில் அவர் முகம் வந்தது. பின்னால் கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன் அடுக்கி இருந்தது. மனிதர் பேக்கரியில் உட்கார்ந்திருந்தார்! கேட்டால், வீட்டில் சமையலுக்கு வரும் அம்மாவுக்குக் காது கூர்மையாம்.

"ஹெட்போன் போடுங்கண்ணா, நான் பேசறது பேக்கரிக்கே கேக்குது."

போட்டார். போட்டதும் அவருக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. தன் குரல் கேட்கவில்லை. ஆகவே கத்த ஆரம்பித்தார். "டீச்சரம்மா ரேசன் கார்டு அவிநாசியிலயே இருக்கட்டுங்களா?" டீக்கிளாஸோடு நாலு தலை திரும்பியது. நான் பட்டென்று இணைப்பைத் துண்டித்தேன்.

அன்று சாயங்காலம் அவரே வழி கண்டுபிடித்துவிட்டதாகப் போன் செய்தார். "நம்ம தறிக்குடோனுக்கு வந்துருங்க வக்கீலம்மா. தறி ஓடறப்ப இடி உழுந்தாக்கூட அங்க கேக்காதுங்க. அதவிடப் பாதுகாப்பான எடம் கோயமுத்தூர் ஜில்லாவுலயே கெடையாதுங்க."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் போனேன். உள்ளே கால் வைத்ததும் கிடுகிடுவென்று பல்லே ஆடியது. தறிகளுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவர் வாயை அகலமாகத் திறந்து, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக மென்று மென்று பேசினார். நான் அவர் காதுக்குள் கத்தினேன். எங்கே மாலை மாற்றுவது, எங்கே பதிவு செய்வது, சாட்சி யார், டீச்சரம்மாவின் மூட்டுவலி, எல்லாம் பேசினோம். எனக்குப் பாதிதான் விளங்கியது. தறி ஓட்டும் பெண்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். விருந்தாளி வந்திருக்கிற சந்தோஷம் போலிருக்கிறது என்று நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன்.

அப்போது கரண்ட் போனது. குடோன் மொத்தமும் ஒரே நேரத்தில் அமைதியானது.

"ஏனுங்க மொதலாளி," என்றாள் மூன்றாவது தறியில் நின்ற பெண், பேச்சில் முதலிலிருந்தே கலந்துகொண்டவளைப்போல. "அவிநாசிக் கோயில்லயே மாலை மாத்திக்கலாமுல்லங்க?"

"மூட்டுவலின்னா மாடிப்படி ஆகாதுங்களே," என்றாள் இன்னொருத்தி. "டீச்சரம்மாவுக்குக் கீழ் ரூமை ஒழிச்சுக் குடுத்துருங்க."

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விளங்கியது. தறிக்குடோனில் யாரும் காதால் கேட்பதில்லை. அந்தச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அங்கே இருந்தவர்களில் உதடு படிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

"பகல்ல பக்கம் பாத்துப் பேசுன்னு சும்மாவா சொன்னாங்க? உங்களுக்கு இது தெரியாதாங்கண்ணா?" என்று பாய்ந்தேன்.

"தெரியாம என்னுங்க, நானும் முப்பது வருசமா அப்படித்தான் பேசறேன். வெளியாளுக்குக் கேக்காதுன்னுதான் சொன்னனுங்க. இவங்கெல்லாம் நம்ம ஆளுங்க."

நம்ம ஆளுங்களில் ஒருத்தி அதற்குள் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் முறைத்ததும், "என் தங்கச்சிகிட்ட மட்டுந்தானுங்க. அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா" என்றாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "மறுக்காவும் அதேதானுங்களா" என்றார், யாரிடமும் இல்லாமல். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இப்பவே சொல்லிப்போடுங்கண்ணா. தங்கச்சி முந்தறதுக்குள்ள நாம முந்திக்கலாம்" என்று அவரை ஓரத்தில் இருந்த ஆபீஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

லேப்டாப்பைத் திறந்து மகளுக்கு லிங்க் அனுப்பினேன். அந்த அவசரத்திலும் பாஸ்வேர்டு போட்டேன், பழக்கம் விடவில்லை. வெளியே பெண்கள் போடும் சத்தம் போகக் கூடாது என்று, அவர் பேசத் தொடங்கும் வரை மைக்கையும் அணைத்து வைத்தேன். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதை எப்படி மறைப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்கையில், மூன்றாவது தறிப் பெண் வெளியிலிருந்து ஒரு காடாத் துணியை விரித்து அதன் மேல் தொங்கவிட்டாள்.

மகளின் முகம் திரையில் வந்தது. ஆபீஸில் இருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்டும் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, எனக்கு மறுபடி காது போயிற்று. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மகளைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

மைக்! பதறிப்போய்க் கையை நீட்டினேன். திரையிலிருந்து அந்தப் பெண் கை காட்டி என்னை நிறுத்தினாள். அவள் கண் அப்பாவின் வாயை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே குடோனில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பெண் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் சொல்லி முடித்தார். பிறகு அவளும் குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். அவர் தலையாட்டினார், சிரித்தார், அழுதார், நடுவில் எதற்கோ வெட்கப்பட்டார். எல்லாம் முடிந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

குடோன் வாசலுக்குப் போனதும் கேட்டேன். "என்ன சொன்னாங்கண்ணா?"

"மொத சாட்சிக் கையெழுத்து அவதான் போடுவாளாம். அவளுக்கு முந்தி வேற யாரும் போடக் கூடாதுங்கறா."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே, வேற என்ன சொன்னாங்க?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அது வேண்டாமுங்க வக்கீலம்மா," என்றார், ரொம்ப மரியாதையாக. "நீங்க வெளியாளுங்க."