சீலிங்கில் மூசாங், ஹாலில் நிச்சயம்

மழைக்காலம் வந்தால் போதும், எங்கள் வீட்டு சீலிங்குக்குள் குடித்தனம் வந்துவிடும். வாடகையும் கிடையாது, கேள்விமுறையும் கிடையாது. ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தை ஒட்டிய தரை வீடு எங்களுடையது. பின்னால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் காடு. குரங்கு வந்தால் சன்னலைச் சாத்திவிடலாம். உடும்பு வந்தால் விளக்குமாற்றால் தரையில் இரண்டு தட்டு, கால்வாய்க்கே ஓடிவிடும். இந்த மூசாங் இருக்கிறதே, மரநாய், அதனிடம்தான் நான் தோற்றுப்போனேன்.

பூனை மாதிரி உடம்பு, கீரி மாதிரி மூஞ்சி, உடம்பளவுக்கு வால். வெயில் நாளில் மரத்தில் கிடக்கும். மழை வலுத்தால் ஓட்டுக்கு அடியில் வந்து சுருண்டுகொள்ளும். அது இருக்கிற இடத்தில் பாண்டான் இலை வாசம் அடிக்கும். முதல் வருஷம் நான் பக்கத்து வீட்டு சீன ஆண்டி தினமும் அந்த இலையைப் போட்டு நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, செய்கிறாள் என்று நினைத்து, எனக்கு ஒரு பொட்டலம் தரவில்லையே என்று மனசுக்குள் கோபப்பட்டதுகூட உண்டு. வாசம் என்றதும் ஏமாந்துவிட வேண்டாம். அது மூத்திரம் பெய்தால் சீலிங் பலகையில் தேத்தண்ணி கொட்டின மாதிரி கறை விழும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் தெரியும்.

கறையோடு நான் வாழப் பழகிவிட்டேன். போன வருஷம் ஐப்பசியில் என் மகளுக்கு நிச்சயம் வைத்தபோதுதான் எனக்குப் பித்தம் தலைக்கேறியது.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போகிற நிபோங் திபால் ஆட்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? "எங்க வீடு டவுன்ல லா. பாம்பு, பூச்சி ஒண்ணும் கிடையாது. நீங்க எல்லாம் எப்படித்தான் இங்க இருக்கீங்களோ!" சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். எதற்கு எனக்கு இந்த வாய்? அவர்கள் நம் வீட்டுக்கு வருகிற நாள் ஒன்று இருக்கிறதே என்று அப்போது தோன்றவில்லை.

நிச்சயத்துக்கு முதல் நாள் மாலை, கறைக்கு நேர் கீழே காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே குடுகுடுவென்று ஓட்டம். எனக்கு வந்ததே கோபம்! என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஓட்டு ஓரத்தில் பலகை இற்றுப்போன ஓட்டையை இன்றைக்கே அடைத்தாக வேண்டும் என்றேன். பாவம் மனுஷர், மழையில் ஏணி போட்டு நின்றார். பொழுது சாய்ந்ததும் அது வாலைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குத் தாவுவதை இரண்டு பேருமே பார்த்தோம்.

"உள்ள குட்டி இருந்தா என்னா பண்றது? ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போமே," என்றார்.

"பொறுங்க பொறுங்க. நாளைக்கு சம்பந்தி தலையில மூத்திரம் சொட்டட்டும், அப்புறம் அடைப்போம். மானம் போவுது எனக்கு. அடிங்க ஆணிய!"

அவர் கம்பி வலையை வைத்து அடித்தார். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும், கூரை மேல் பிறாண்டல் மட்டும் இல்லாமல் இருந்தால். காலையில் பிறாண்டல் நின்றது. அதற்குப் பதில் உள்ளேயிருந்து மெல்லிசாகக் கீச் கீச்சென்று கத்தல் கேட்டது. ஹாலுக்கு நேர் மேலே. ஒன்று கத்தி ஓய்ந்தால் இன்னொன்று ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரர் ஏணியை எடுக்கப் போனார். நான் சமையலறை வாசலில் குறுக்கே நின்றேன். "அவங்க பாலத்துல வந்துக்கிட்டு இருக்காங்க. இப்ப நீங்க சீலிங்கப் பேத்து, தூசியும் கழிவும் ஹால் பூரா கொட்டணுமா? எல்லாம் முடியட்டும். மதியத்துக்குள்ள செத்தா போயிடும்?"

செத்தா போயிடும் என்று நானே கேட்டேன். என் வாயாலேயே.

மகள் சேலை கட்டிக்கொண்டே அறையிலிருந்து குரல் கொடுத்தாள், "அம்மா, மேல என்னம்மா சத்தம்?"

"எலி. நீ தலைய சீவு."

அவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். கேசரி, தேத்தண்ணி எல்லாம் ஆயிற்று. பேச்சு ஓய்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தக் கத்தல் வந்து விழுந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கலாமா? தும்மினாலே முகம் சுளிக்கிற ஜனங்கள் நாம். அபசகுனம் என்று யாராவது ஒரு சித்தப்பா வாயைத் திறந்தால் என் மகள் கதி என்ன? நாதஸ்வரம் என் கைப்பேசியில்தான் இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் இணைத்து நானே பக்கத்தில் நின்றிருந்தேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

இன்னும் கேட்டது. இன்னும் கூட்டினேன்.

தட்டு மாற்றுகிற நேரத்தில் குருக்கள் விரலை ஆட்டி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்றார். கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டி மேளமே. முழுசாகத் திருப்பிவிட்டேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அட்சதை போட்டார்கள், என் மகள் சிரித்தாள், எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். சடங்கு முடிந்த பிறகும் நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. சாப்பாடு பரிமாறி முடிகிறவரைக்கும் அந்த மேளம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிடுகிறவர்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திப் பேசினார்கள்.

இலை எடுத்த பிறகுதான் நிறுத்தினேன். வீடு கப்சிப்பென்று ஆனது. மேலே ஒரு சத்தமும் இல்லை.

சம்பந்தியம்மா சீலிங்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கத்தல் நின்னுபோச்சே, சம்பந்தி," என்றார் மெதுவாக.

ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தேன். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. மூசாங் குட்டின்னு காதுல விழுந்ததுமே தெரிஞ்சது. சொன்னா உங்களுக்கு வெட்கமா இருக்குமேன்னு யாரும் வாயத் திறக்கல."

மாப்பிள்ளையின் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களும் குனிந்துகொண்டார்கள். எனக்காக, என் கௌரவத்துக்காக, அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு கேசரி தின்றிருக்கிறார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் ஏணியைக் கொண்டுவந்து ஹால் நடுவில் போட்டார். தோரணத்தை அறுத்தார். கறை பிடித்த பலகையைப் பெயர்த்ததும் தூசியும் கழிவும் கோலத்தின் மேலேயே கொட்டின. சம்பந்தியம்மா ஏணிக்குக் கீழே போய்த் தன் பட்டு முந்தானையை ஏந்தினார். வீட்டுக்காரர் எடுத்துப் போட்ட முதல் குட்டி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது கொஞ்சம் கையை ஆட்டியது. அந்த இரண்டையும் கால்வாய் ஓரத்தில் வைத்தோம், பொழுது சாய்ந்ததும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும்.

அதை வீட்டுக்காரர் முந்தானையில் போடவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து என் கையில் கொடுத்தார். மழை நனைத்த கூரை, உள்ளே ஈரக்குளிர். ஆனாலும் அந்தச் சின்ன வயிற்றில் வெதுவெதுப்பு இருந்தது. அந்த வெதுவெதுப்புக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள நான் மறுத்துக்கொண்டே நின்றேன்.

கழுத்தில் மாலையோடு என் மகள் வந்து, குனிந்து, ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பத்தான்மா செத்திருக்கு," என்றாள்.