உச்சி வெயிலில் உலர்ந்த பூஞ்சை

காலை ஏழு இருபது. இன்குபேட்டரைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை முளைப்புச் சோதனைக்கு வைத்த ஆறு கண்ணாடித் தட்டுகள். மூன்று நாளில் பூஞ்சை படர்ந்திருக்க வேண்டும். ஆறும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டிரைக்கோடெர்மா தயாரிக்கும் யூனிட் அது. தென்னையில் வாடல் நோயைத் தடுக்க மண்ணில் இடும் பூஞ்சை. வயல் வேலையை விட்டு வந்த பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். மேற்பார்வை நான். இது தோற்ற இரண்டாவது பேட்ச். தொடர்ந்து மூன்று தோற்றால் யூனிட்டை மூடிவிடுவோம் என்று அலுவலகம் கடிதம் அனுப்பியிருந்தது.

ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பார்த்தேன். அரை வேக்காட்டு நொய்யைப் பையில் அடைத்து, ஆட்டோகிளேவின் நீராவியில் கிருமி நீக்கி, ஆறியபின் பூஞ்சையின் தாய்க் கல்ச்சர் விட்டு, பத்து நாள் ரேக்கில் அடுக்கி, பிறகு காயவைப்போம். வெளிச்சம் படாத பை வெள்ளையாகவே நின்றுவிடும். ஜன்னல் பக்கத்துப் பையில் பச்சைத் தூளாக ஸ்போர் அடர்ந்து பிடிக்கும். எங்கள் பைகளில் பச்சைக்குக் குறைவில்லை. பையிலிருந்து நேரே எடுத்துத் தனித் தட்டில் வைத்திருந்த நொய்யும் நன்றாக முளைத்திருந்தது. காயவைத்த நொய்தான் முளைக்கவில்லை.

காயவைத்தது எதிரே இருந்த சிமெண்டுக் களத்தில். கூலி உயர்வு கேட்ட காலத்தில் இவர்கள் உள்ளே வரக்கூடாதென்று மிராசுதார் பூட்டிவைத்த களம். இப்போது இந்தப் பெண்களின் குழுவுக்கே வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே நின்று வேலை செய்வதில் அவர்களுக்குத் தனிச் சந்தோஷம்.

“எப்படிக் காயவச்சீங்க?” என்று செல்லம்மாளைக் கேட்டேன். ஊரில் நெல் காயவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“பங்குனி வெயிலு மேடம். அரை நாள்ல சலசலன்னு ஆயிடுச்சு. பாருங்க” என்று பழக்கத்தில் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன்.

“அது செத்துப்போச்சும்மா.”

“செத்துப்போச்சா? அது எப்பங்க உசுரோட இருந்துச்சு? நீங்க மருந்துன்னுல்ல சொன்னீங்க!”

“அந்தப் பச்சைத் தூள்தான் அதோட விதை. மண்ணுல போய் முளைக்கணும்.”

செல்லம்மாள் தலையில் கை வைத்தார். “அடி ஆத்தி! வெதையவா உச்சிப்பொழுதுல போட்டு வறுத்தோம்? வெத நெல்ல எவளாவது இப்படிக் காயவைப்பாளா?”

பக்கத்தில் நின்ற ராணி சிரித்துவிட்டாள். “மேடம் படிச்ச படிப்புல வெதைன்னு ஒரு வார்த்த இல்லையாக்கும்!”

எனக்கும் சிரிப்பு வந்தது. என் அம்மாவும் விதை நெல் காயவைத்தவர்தான். களத்துச் சிமெண்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐம்பது டிகிரியைத் தாண்டியது. செத்த ஸ்போரும் பச்சையாகவே இருக்கும் என்பதால் செத்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பேட்ச் வெயிலையே பார்க்கவில்லை. உள்ளறையில் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறி போட்டோம். செல்லம்மாள் மணிக்கொரு தரம் கிளறிவிட்டார். காய இரண்டு நாள் ஆனது.

மருந்துக்குச் சொல்லிவைத்திருந்த பேராவூரணி தோப்புக்காரர் ஜமால் பாய் உள்ளறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, மருந்துக்குக் காத்தாடியெல்லாம் போட்டு ராஜ உபசாரமா இருக்கு?”

“மருந்து இல்ல பாய், வெத. மேல வெயிலு படாம நில்லுங்க” என்றாள் ராணி.

“என் மேலயா, அது மேலயா?”

“நீங்க காஞ்சா பரவாயில்ல பாய்!”

பாய்தான் முதலில் சிரித்தார்.

காய்ந்ததைச் சோதனைத் தட்டுகளில் வைத்த மூன்றாம் நாள், எண்ணி முடிக்க முடியாத அளவுக்குப் பூஞ்சைப் புள்ளிகள். செல்லம்மாள் ஒரு தட்டை வாங்கி, எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். சாம்பிள் அலுவலகத்துக்குப் போனது.

பிற்பாடு நான் பயிற்சி கொடுத்த இடங்களிலெல்லாம், இது உயிருள்ள பொருள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பையைக் கையில் எடுத்தேன்.

சாம்பிள் பாஸ் என்று வியாழக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள்.