நடக்கவிருப்பவையில் இடமில்லை

மற்றவன் வாங்கிய பரிசைப் பற்றி மனம் நிறைந்து எழுதுவதுதான் என் உத்தியோகம். பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பொல்லாத உத்தியோகம் கிடையாது.

நானும் வாத்தியார்தான். ஆனால் வெண்கட்டியைக் கையில் பிடிக்காமல் பதினொரு வருசமாகிறது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, இணைத்து எடுத்தார்கள். "நீங்க தமிழ் படிப்பிக்கிற ஆள், நல்லா எழுதுவீங்க" என்று சொல்லி செய்தி மடலைத் தலையில் கட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை தோறும் ஒரே ஒரு பக்கம். மேல் பாதி 'நடந்தவை', கீழ்ப் பாதி 'நடக்கவிருப்பவை'. அது பேஸ்புக்கிலும் போகும், வாட்ஸ்அப்பிலும் போகும், அச்சடித்துப் பள்ளிக்கூட அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்படும். கல்யாணக் காட் அடிக்கிறவர்களே, மேடையில் அடுத்தவன் பெயரை வாசிக்கிறவர்களே, பொன்னாடையைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓரத்தில் நிற்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் விளங்காது.

ஆறு விரல், நாலு விரல்

பொறாமை எனக்கு மட்டும் இருக்கிற வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வலயத்தில் ஒரே வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளிக்கூடங்கள், வாசலுக்கு வாசல் பார்த்தபடி. ஒரே கிழமையில் இரண்டிலும் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று நீளவாக்கில் எடுத்த படம், மற்றது அகலவாக்கில் எடுத்தது. என் கெட்ட காலம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில், அகலவாக்குப் பள்ளிக்கூடத்து அதிபர் வந்துவிட்டார். வயதான, மரியாதையான மனிதர். சலாம் சொன்னார், கதிரையில் இருக்கவில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றார். மடலை மேசையில் விரித்து இரண்டு படத்தின் மேலும் விரலை அடுக்கி அடுக்கி அளந்து காட்டினார். கம்ப்யூட்டர் அப்படித்தான் ஒதுக்கும் ஹாஜியார் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவேயில்லை. வாசல்வரை போய்க் கிறுகித் திரும்பி நின்று சொன்னார்: "அவங்கட படம் ஆறு விரல், எங்கட படம் நாலு விரல். எங்கட புள்ளைகள் என்ன, அவங்கட புள்ளைகளவிடக் கட்டையாவா ஓடினதுகள்?"

ரெண்டு கத்தரிக்காய்

என் வருத்தத்துக்குப் பெயர் ரசீன். நானும் அவனும் சின்ன வயதில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அதிபர் சேவைப் பரீட்சைக்கும் ஒன்றாகத்தான் போனோம், ஒரே பஸ்ஸில், ஒரே பொதிச்சோற்றைப் பங்கிட்டுத் தின்றுகொண்டு. அவன் பாஸ். நான் இல்லை. அவனுக்குக் கிடைத்தது கடற்கரையோரத்தில் இருக்கிற, வலயத்திலேயே ஆகச் சின்னப் பள்ளிக்கூடம். மூன்று கட்டிடம், வாசல்வரை மணல். என்றாலும் அதிபர் அதிபர்தானே. அவன் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கரிக்கும். அல்லாஹ் மன்னிக்கட்டும், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

பெரிய பள்ளிக்கூடங்கள் மாதத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். இவன் கிழமைக்கு ஒன்று அனுப்புவான். குடிதண்ணீர்த் தாங்கிக்குப் பெயின்ட் அடித்தது செய்தி. மூன்றாந்தர வகுப்புப் பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்தால் அது சுகாதார தினச் செய்தி. ஒரு முறை 'பாடசாலைத் தோட்ட அறுவடை விழா' என்று வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெண்டு கத்தரிக்காய். அதைச் சுற்றிப் பதினெட்டுப் பேர், நடுவில் ரசீன், முகமெல்லாம் சிரிப்பு.

அவன் ஏன் இப்படி விழுந்து விழுந்து அனுப்புகிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வருகிற வருசம் முதலாந்தரத்துக்குப் பத்துப் பிள்ளையாவது சேராவிட்டால், அதைப் பெரிய வீதிப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவது என்று வலயக் கல்விப் பணிப்பாளர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். கூட்டக் குறிப்பை எழுதியவனே நான்தான். மூடினால் கடற்கரைச் சின்னஞ்சிறுசுகள் அக்கரைப்பற்று பஸ்கள் பறக்கிற வீதியைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். எல்லாம் தெரியும். தெரிந்தும் கத்தரிக்காய்ப் படத்தைப் பார்த்து எரிந்தேன்.

என் மனைவி ஜெசீமா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், ரசீன் சேர்ட முகத்துல என்ன ஒரு வெளிச்சம். இஞ்சாருங்க, இவ்வளவு வருசமா நீங்க போடுற பேப்பர், ஒரு படத்துலயாவது உங்களக் காணல்லையே?"

மோதிரக் கை

செய்தி போடுகிறவனிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டலாம். வலய விளையாட்டு விழாவில் வெற்றிக் கிண்ணத்தோடு எல்லா அதிபர்களும் வரிசையாக நின்றார்கள். ரசீன் வலது பக்கக் கடைசி ஆள். பக்கத்தில் இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வலது பக்கத்தைக் கொஞ்சம் வெட்டினேன். அது காணாது, இன்னும் வேண்டும் என்று மறுகாவும் வெட்டினேன். கடைசியில் பக்கத்து அதிபரின் தோளில் கிடந்த ஒரு கை மட்டும்தான் மிஞ்சியது. அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு ருசியாக இறங்கியது என்று சொன்னால் நீங்கள் என்னைக் காறித் துப்புவீர்கள். துப்புங்கள், நம்மில் யார் வெட்டாதவர்?

பின்னேரம் போன் வந்தது. ரசீன்தான். ஏசப்போகிறான் என்று நினைத்து நானும் மறுமொழியைத் தயார்பண்ணிக்கொண்டு எடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், என்ட கை வந்திரிக்கி! உம்மாக்கிட்டக் காட்டினன், மோதிரத்த வெச்சு 'இது என்ட மகன்ட கைதான்' எண்டு புடிச்சிட்டா."

என் பொன்னாடை

கடைசியில் எனக்கும் ஒரு நாள் வந்தது. ஆசிரியர் தினத்தன்று கந்தோர் ஊழியர்களுக்கும் பொன்னாடை போர்த்துவதாக முடிவாயிற்று. ஜெசீமா வெள்ளை சேட்டை இரண்டு தரம் அயன் பண்ணினாள். ஆனால் படம் எடுக்கிற ஆளே நான் அல்லவா? என் பெயர் வாசித்ததும் போனைக் கந்தோர் வேன் சாரதியின் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு ஓடினேன். மனுசன் மூன்று படம் எடுத்திருந்தார். ஒன்றில் மின்விசிறி. ஒன்றில் சாரதியின் பெருவிரல். மூன்றாவதில் பொன்னாடை என் முகத்தின் மேல் கிடக்கிறது, இறந்தவரின் ஜனாஸாவுக்குப் போர்த்தியது மாதிரி. எனக்கு அடுத்ததாகப் போர்த்தப்பட்ட ரசீனின் படத்தை நானே எடுத்தேன். தெளிவென்றால் தெளிவு, சரிகையின் நூலைக்கூட எண்ணலாம்.

சரி, படம் இல்லாவிட்டால் போகட்டும், பெயராவது வரட்டும் என்று என் பெயரையும் பட்டியலில் எழுதிப் பணிப்பாளரிடம் கையொப்பத்துக்கு வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்: "எழுதுறவரே தன்ட பேர எழுதினா அவ்வளவு அழகா இருக்காது சேர். வெட்டிருவமா?"

தொலைந்த குடை

அந்தக் காயம் ஆறுவதற்கு முதல் ரசீன் கந்தோருக்கு வந்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஒரு தாளைக் கையில் கொண்டு வந்திருந்தான். முதலாந்தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள், நேரம், கொண்டுவர வேண்டிய பத்திரங்கள். "மச்சான், இத மட்டும் நடக்கவிருப்பவைல மேல போட்டுடு. இந்தப் பத்துப் புள்ளையும் வராட்டி எல்லாம் முடிஞ்சிரும்" என்றான். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த மோதிரக் கை. நான் "ஓம் ஓம்" என்றேன். அவன் படி இறங்கிப் போனதும் மேசை லாச்சியை இழுத்துத் தாளை உள்ளே வைத்தேன்.

அந்த வியாழன் போடவில்லை. இடமில்லை என்று மனதுக்குள் சொன்னேன். அடுத்த வியாழனும் இடமில்லை. அவன் எனக்குப் போன் எடுத்தபோது கூட்டத்தில் இருக்கிறேன் என்றேன். சேர்க்கிற நாள் வருவதற்கிடையில் போட்டால் போதும்தானே என்று நினைத்தேன், கொஞ்சம் துடிக்கட்டுமே என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் உண்மையானது. மூன்றாவது வியாழன் வந்தது. மறுநாள் வெள்ளி, அடுத்த திங்கள்தான் அவன் சொன்ன நாள். எங்கள் தட்டச்சாளர் பரீதா மிஸ் பக்கத்தைச் செய்து முடித்துவிட்டு லாச்சியைத் திறந்து எழுத ஒரு பேனை தேடினார். தாளை எடுத்தார், வாசித்தார். திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அங்கே 'நடக்கவிருப்பவை'யில் கடைசி வரியாக, போன செயலமர்வில் காணாமல்போன கறுப்புக் குடையை எடுத்தவர் கந்தோரில் ஒப்படைக்கவும் என்று நானே எழுதிக் கொடுத்த அறிவித்தல் கிடந்தது.

நான், "பக்கம் நிறைஞ்சிட்டு மிஸ், அனுப்புங்க" என்றேன். அவர் அனுப்பினார். அனுப்பிவிட்டு என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "தொலைஞ்ச குடைக்கு இடம் இரிக்கி, பத்துப் புள்ளைக்கு இடம் இல்லாமப் போச்சு. நீங்கதான் சேர் அல்லாஹ்வுக்கு மறுமொழி சொல்லணும்."

ஐஸ் பெட்டி

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜும்ஆத் தொழுகையில் ஹஸரத் பொறாமையைப் பற்றியே பயான் பேசினார். அவருக்கு யார் சொன்னது என்று யோசித்தேன். திங்கட்கிழமை வெள்ளனத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வெறும் கதிரைகளுக்கு முன்னால் ரசீன் தனியாகக் குந்தியிருப்பான், காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடமில்லை. உம்மாமார், வாப்பாமார், புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள். ஒன்று அழுகிறது, ஒன்று மணலைத் தின்கிறது. நான் எண்ணினேன். பதினாலு! நம்பாமல் திருப்பி எண்ணினேன், பதினாலேதான். மரத்தடியில், ஊரெல்லாம் சுற்றி மீன் விற்கிற முஸ்தபா காக்காவின் ஆட்டோ நின்றது, கூரையில் ஸ்பீக்கரோடு. பக்கத்தில் நின்ற ஒரு உம்மாவிடம், "எப்படித் தெரியும் இண்டைக்குத்தான் நாள் எண்டு? செய்தி மடல்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். "அது என்னது சேர்?" என்றார். "கீரி மீன் வாங்கப் போனன். முஸ்தபா காக்கா ஸ்பீக்கர்ல 'கீரி, சூரை, அறக்குளா, முதலாந்தரம், முதலாந்தரம், திங்கக்கிழம வாங்க' எண்டு கூவினாரு. பாத்தா பக்கத்துல அதிபர்!"

விசயம் இதுதான். இரண்டு வியாழன் மடலைப் பார்த்து ஏமாந்த ரசீன், பொறுக்கமாட்டாமல் மூன்று நாள் காலையில் அந்த மீன் ஆட்டோவில் ஏறியிருக்கிறான். டை கட்டி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவிக்கொண்டு போயிருக்கிறான். உம்மாணைச் சத்தியமா, அப்பவும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எப்பேர்ப்பட்ட படம் அது, எடுக்க நான் இல்லாமல் போனேனே என்று வயிறு எரிந்தது. முஸ்தபா காக்காவின் ஸ்பீக்கரைப் பார்த்தும் எரிந்தது.

ரசீன் என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். அவன் சேட்டில் இன்னும் மீன் மணம் இருந்தது. "மச்சான், உன்ட தாள்... லாச்சிக்குள்ள... நான் வேணுமெண்டுதான்..." என்று தொடங்கினேன். அவன் என் முதுகில் தட்டினான். அவனுக்கு விளங்கியதா, விளங்காத மாதிரி நின்றானா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டு சொன்னான்: "நீ போடாம விட்டதுதான் மச்சான் நல்லம். போட்டிருந்தா உன்ட பேப்பர நம்பிக்கொண்டு நானும் கதிரையிலயே இருந்திருப்பன்."

பதினொரு வருசம் கிழமை தவறாமல் செய்தி போட்ட எனக்கு, நான் போடாமல் விட்ட ஒரே ஒரு செய்திதான் பத்துப் பிள்ளை கேட்ட இடத்தில் பதினாலு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது.