தொண்ணூற்றேழு வீதத்தில் ஒரு இடி

குளத்தின் மிகைநீரைத் திறந்துவிடும் வான்கதவு ஒன்றைக் கணினியில் வரைந்து நாளை வகுப்பில் காட்ட வேண்டும். வரைவதற்கான மென்பொருளைக் காலையிலிருந்து ஒரே அறையில் தங்கிப் படிக்கும் நாங்கள் என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அதன் பட்டரி செத்து ஒரு வருடம். வயரைக் கழற்றினால் அணைந்துவிடும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம் ஏறியபோது தூரத்தில் ஒரு இடி.

உடனே வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், மெயின் சுவிட்சடியில், எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்திருக்கும் போர்டிங் அன்ரி.

"உங்கட கொம்பியூட்டர் எரிஞ்சிடுமெண்டுதான் ஓடிவந்து நிப்பாட்டினனான், பிள்ளையள்."

இதற்கு எப்படிக் கோபிப்பது? "நல்லது அன்ரி. எப்ப திரும்பப் போடுவியள்?" என்றேன்.

"மழை பெஞ்சு முடியட்டும், போடுறன்."

மூன்று மணித்தியாலம் ஆகிறது. மழை இன்னும் தொடங்கவே இல்லை.

கிளிநொச்சியில் யார் வீட்டிலாவது பெய்து முடிந்திருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். அன்ரிக்குக் காட்ட வேண்டும்.